பால் கொடுக்கும் அம்மாவை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

"கர்ப்பத்தைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ இப்போது நீங்களோ உங்கள் கணவரோ ஏதாவது முறையைக் கடைப்பிடிக்கிறீர்களா? ஆம் என்றால், என்ன முறை?" வீடு வீடாகப் போய் எடுக்கிற மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுகளில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் இதைக் கேட்பார்கள். பதிலைக் குறிக்க ஒரு பட்டியல் இருக்கும். ஆபரேஷன், காப்பர் டி, ஊசி, மாத்திரை, ஆணுறை என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் ஓர் இடத்தில் 'லாம்' என்று ஒரு கட்டம். தாய்ப்பால் கொடுப்பதையே கருத்தடை முறையாக வைத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் நீளமான பெயரின் சுருக்கம் அது.

சில வருடங்கள் இப்படிக் கேள்வித்தாளோடு ஊர் ஊராகப் போன வேலை என்னுடையது. இப்போது ஓரிடத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்து வரும் பதில்களைச் சரிபார்க்கிறேன். இந்தப் பட்டியலில் எனக்கு அதிகமாக உறுத்துவது லாம் கட்டம்தான். மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தான் மாத்திரை சாப்பிடுவது தெரியும். ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் அப்படியே. தாய்ப்பால் விஷயத்தில் மட்டும், பாதுகாப்பில் இருக்கிற பெண் "எதுவும் செய்யவில்லை" என்கிறார். பாதுகாப்பு முடிந்துபோன பெண் "செய்துகொண்டிருக்கிறேன்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. கேள்விதான் விஷயத்தின் மீது சரியாக உட்காரவில்லை.

முதலில் அந்த முறை என்ன என்று பார்த்துவிடலாம். "பால் குடிக்கிற வரைக்கும் தங்காது" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அது நிபந்தனைகளோடு கூடிய உண்மை. 1988 ஆகஸ்டில் இத்தாலியின் பெலாஜியோ என்ற ஊரில் இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் கூடி, அதுவரை பல நாடுகளில் சேர்ந்திருந்த தரவுகளை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தை முழுக்கவோ, ஏறத்தாழ முழுக்கவோ தாய்ப்பாலிலேயே வளர வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர இருந்தால் கர்ப்பத்திலிருந்து 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு உண்டு என்றார்கள். அதைத்தான் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மிரியம் லேபோக்கும் உடன் வேலை செய்தவர்களும் களத்தில் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு முறையாக வடிவமைத்தார்கள். சிலியின் சாந்தியாகோ நகரில் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வு 1992-இல் வெளியானது. ஆறு மாதத்தில் கர்ப்பமானவர்கள் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. பிறகு உலக சுகாதார நிறுவனம் புதுதில்லி, சீனாவின் செங்டு, சுவீடனின் உப்சாலா உள்ளிட்ட ஏழு நாடுகளின் மையங்களில் 4,000-க்கும் மேற்பட்ட தாய்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. அங்கேயும் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் மறந்துபோகிற நிஜ வாழ்க்கையோடு ஒப்பிட்டால் இது அருமையான எண்.

எப்படி வேலை செய்கிறது? குழந்தை மார்பைச் சப்பும்போது அந்தத் தூண்டல் மூளைக்குப் போகிறது. கருமுட்டையை வளரவைக்கும் ஹார்மோன்களுக்கு மூளை ஒரு தாளகதியில் கட்டளை அனுப்புமே, அந்தத் தாளம் குலைகிறது. முட்டை முதிர்வதில்லை. வேலையைச் செய்வது சப்புதல்தான், சுரக்கிற பால் அல்ல. பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விடக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம் அதுதான். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் குங் மக்களிடையே மெல்வின் கானரும் கரோல் வொர்த்மனும் செய்த ஆய்வு 1980-இல் வந்தது. அந்தத் தாய்மார்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பலமுறை, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்தார்கள். கருத்தடைச் சாதனம் எதுவும் இல்லாமலேயே அவர்களின் குழந்தைகளுக்கு இடையே மூன்றரை வருடத்துக்கும் மேல் இடைவெளி இருந்தது.

சரி, இனி கேள்வித்தாளுக்கு வருவோம்.

மேடலின் ஷார்ட் ஃபேபிக், யூன்ஜுங் சோய் என்ற இருவர் 2013-இல் ஒரு வேலை செய்தார்கள். என்னைப் போன்ற சரிபார்ப்பவர்கள் எல்லாரும் எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை அது. 45 நாடுகளில் 1998-லிருந்து 2011 வரை நடந்த 73 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, "லாம் பயன்படுத்துகிறேன்" என்று சொன்ன பெண்களை மட்டும் பிரித்தார்கள். அதே கேள்வித்தாளின் வேறு பக்கங்களில் அந்தப் பெண்களே சொன்ன பதில்களைப் பக்கத்தில் வைத்தார்கள். குழந்தைக்கு எத்தனை மாதம்? மாதவிலக்கு வந்துவிட்டதா? நேற்று குழந்தைக்கு என்னென்ன கொடுத்தீர்கள்? மூன்று நிபந்தனைகளும் பொருந்தியவர்கள் ஏறத்தாழ நாலில் ஒருவர்தான். மற்றவர்களில் பலரின் குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருந்தது, அல்லது மாதவிலக்கு திரும்பியிருந்தது, அல்லது வேறு உணவு தொடங்கியிருந்தது. ஆய்வறிக்கையின் பட்டியலிலோ அவர்கள் எல்லாரும் நவீனக் கருத்தடை பயன்படுத்துகிறவர்கள்.

இது வெறும் கணக்குப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "பால் குடுத்துட்டுத்தானே இருக்கேன், இப்ப ஒண்ணும் தங்காது" என்று நம்பிக்கையோடு சொல்கிற பெண்ணை யோசித்துப் பாருங்கள். அவர் பெயர் ஒரு முறையைப் பயன்படுத்துகிறவர் பட்டியலில் ஏறிவிட்டால், கருத்தடைத் தேவை நிறைவேறாதவர்கள் பட்டியலிலிருந்து தானாகவே இறங்கிவிடுகிறார். யாருக்கு உடனே போய் உதவி செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது பட்டியலே இருக்கிறது. உதவி அதிகம் தேவைப்படுகிறவரே அதில் இல்லாமல் போகிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பெண் எந்த முறையும் சொல்லவில்லை, ஆனால் பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு இன்னும் வரவில்லை என்று வையுங்கள். பிரசவமாகி இரண்டு வருடத்துக்குள் என்றால், அவருக்குத் தேவை இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்க, கடைசிக் குழந்தையை அவர் விரும்பிப் பெற்றாரா என்று பார்ப்பார்கள். விரும்பிப் பெற்றிருந்தால் தேவை இல்லாதவர். குழந்தைக்குப் பதினாலு மாதம், சோறு சாப்பிடுகிறது, அம்மாவிடம் இரவில் ஒருமுறைதான் பால் குடிக்கிறது என்றாலும் இதே கணக்குத்தான். மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே முட்டை வெளிவரலாம் என்பதும், மாதங்கள் போகப் போக அதற்கான வாய்ப்பு கூடும் என்பதும் மருத்துவம் அறிந்த விஷயம். ஆறு மாதம் என்று எல்லை வைத்ததே அதற்காகத்தான். கணக்கு இரண்டு வருடம் காத்திருக்கிறது, உடம்பு அப்படிக் காத்திருக்காது.

எதிர்ப்பக்கம் இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்த பெண், நாலு மாதக் குழந்தை. இந்தக் கேள்விகளைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அது எளிதில் நடக்காது. குழந்தையின் பாட்டி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நேத்து பகல்லயும் ராத்திரியிலயும் பாப்பாவுக்குத் தாய்ப்பால் தவிர வேற எதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"இல்லக்கா, பால் மட்டுந்தான்."

"ஏத்தா, ராத்திரி வயிறு உப்பிக்கிட்டு அழுதான்னு கிரைப் வாட்டர் குடுத்தமே?" என்றார் பாட்டி.

"அது மருந்தும்மா. அக்கா சாப்பாட்டத்தான கேக்குறாங்க."

"அப்ப காலையில ஒரச்சுப் போட்டது?"

சுக்கு, வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் எல்லாம் உரசித் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுகிற உரை மருந்தைத்தான் பாட்டி சொன்னார். கேள்வித்தாளில் தண்ணீர், பழச்சாறு, பால் பவுடர், கஞ்சி என்று தனித்தனியாகக் கட்டங்கள் உண்டு. மருந்து, வைட்டமின் சொட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் 'தாய்ப்பால் மட்டும்' என்ற தகுதி போகாது. கிரைப் வாட்டர் எந்தப் பக்கம்? உரை மருந்து? கேட்கிறவர் எந்தக் கட்டத்தில் குறிக்கிறாரோ அந்தப் பக்கம் குழந்தை போய்விடும். பயிற்சி வகுப்புகளில் இதை வைத்து நாங்கள் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். கழுதைப்பால், சேனை வைக்கிற சர்க்கரைத் தண்ணீர் என்று நம் ஊருக்கே உரியவை வேறு வரிசையாக வரும்.

பாட்டி காப்பி போட உள்ளே போன பிறகு அடுத்த பகுதிக்குப் போனேன். மாதவிலக்கு இன்னும் வரவில்லை. கணவர் திருப்பூரில் வேலை, ஒருநாள் விட்டு ஒருநாள் போன், மாதம் ஒருமுறை வருவார். அடுத்த குழந்தை இப்போதைக்கு வேண்டாம், மூணு வருஷம் போகட்டும். என்ன முறை?

"ஒண்ணும் இல்லக்கா."

மூன்று நிபந்தனைகளும் அவரிடம் இருந்தன. ஒரு சொட்டு உரை மருந்தால் இந்த முறையின் பாதுகாப்புக்குக் குறைவில்லை, ஏனென்றால் அதைக் குடித்ததால் குழந்தை ஒருவேளைப் பாலைக்கூட விடவில்லை. 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பில் இருந்தவர் என் கேள்வித்தாளில் 'எந்த முறையும் இல்லை'. விதிப்படி அதுதான் சரியான பதிவும்கூட. தெரிந்தே, கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று நினைத்துச் செய்தால்தான் அது முறை. தானாக நடப்பது முறை ஆகாது.

அந்த விதியில் நியாயம் உண்டு. அவருக்குத் தன் பாதுகாப்பு எதில் நிற்கிறது என்று தெரியாவிட்டால், அது எந்த நாளில் முடிகிறது என்பதும் தெரியாது. ஐந்தாம் மாதம் கணவர் வீட்டுக்குத் திரும்பிப் போய், "புள்ளைக்குப் பால் பத்தல" என்று யாரோ சொல்லி பால் பவுடர் டப்பாவைத் திறந்தால், அன்றைக்கு அவருடைய நிலைமை மாறிவிடுகிறது. அறிந்து செய்கிறவருக்கு மணி அடிக்கும். அறியாதவருக்கு அடிக்காது. ஆக, இதில் அளக்க வேண்டியது ஒன்றல்ல, இரண்டு. உடம்பு பாதுகாப்பில் இருக்கிறதா என்பது ஒன்று. அந்தப் பெண்ணுக்கு அது தெரியுமா என்பது இன்னொன்று. ஒரே கட்டத்தில் இரண்டையும் திணித்தால் இரண்டுமே கிடைக்காது.

முதலாவதை அளக்க எளிய வழி இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 'ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்' என்ற எண் எல்லா அறிக்கைகளிலும் கிடைக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே? தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019-21 அறிக்கையில், இந்தியாவுக்கு அது 64 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 55. ஆனால் இந்த எண் நேற்றைய ஒருநாளை மட்டும் பார்க்கிறது. முந்தாநாள் தண்ணீர் குடித்த குழந்தை நேற்று குடிக்கவில்லை என்றால் அதுவும் 'தாய்ப்பால் மட்டும்' கணக்கில்தான் வரும். அதோடு, பிறந்து இரண்டு வாரமான குழந்தையும் ஆறு மாதத்தைத் தொடப்போகிற குழந்தையும் ஒரே கூடையில் இருக்கின்றன. 55 சதவீதக் குழந்தைகள் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பாலிலேயே வளர்ந்தன என்று இதைப் படிப்பது தவறு. பத்திரிகைகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றன.

கருத்தடைக் கண்ணோட்டத்தில் இந்த எண் இரண்டு பக்கமும் சறுக்கும். ஒருபுறம், மேலே சொன்ன கிரைப் வாட்டர் குழந்தை 'தாய்ப்பால் மட்டும்' கணக்கிலிருந்து வெளியே போகலாம், ஆனால் அதன் அம்மா பாதுகாப்பில்தான் இருக்கிறார். மறுபுறம், வேலைக்குப் போகிற அம்மா பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறார். பாட்டி அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார். குழந்தை குடிப்பது தாய்ப்பால் மட்டும்தான், ஊட்டச்சத்துக் கணக்கில் முழு மதிப்பெண். ஆனால் சப்புதல் குறைந்துவிட்டது. சாந்தியாகோவில் இப்படி வேலைக்குத் திரும்பிப் பால் பீய்ச்சிக் கொடுத்த பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் 5.2 சதவீதம் கர்ப்பம். வீட்டில் இருந்து நேராகப் பால் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு. 2017 சட்டத் திருத்தம் கொடுத்த 26 வார மகப்பேறு விடுப்பு கிட்டத்தட்ட இந்த ஆறு மாதத்துக்குச் சமம் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கும் செங்கல் சூளையில் வேலை செய்கிறவருக்கும் அந்த 26 வாரம் எங்கே இருக்கிறது? குழந்தை குடித்தது தாய்ப்பாலா என்று கேட்கிற கேள்வித்தாள், எப்படிக் குடித்தது, அம்மா எத்தனை மணி நேரம் பக்கத்தில் இல்லை என்று கேட்பதில்லை.

மாதவிலக்கு பற்றிய கேள்வியும் பார்ப்பதற்குத்தான் சுலபம். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு விட்டுவிட்டு ஒன்றரை மாதம் வரைகூட இருக்கலாம். அதனால் லாம் முறையில் முதல் 56 நாட்களுக்குள் வருகிற உதிரத்தை மாதவிலக்காகக் கொள்வதில்லை, அதுவும் முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கிறவருக்கு. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் பட்டாலோ, அந்தப் பெண்ணே "இது மாதவிலக்குதான்" என்று உணர்ந்தாலோ, பாதுகாப்பு முடிந்தது. களத்தில் "ஒருநாள் லேசாப் பட்டுச்சு, அப்புறம் காணோம்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அதை வந்ததாகக் குறிப்பதா, வராததாகக் குறிப்பதா?

எத்தனை மாதம் வராமல் இருந்தது என்று பின்னோக்கிக் கேட்டால் பதில்கள் ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று குவியும். யாரும் ஏழு என்றோ பதினொன்று என்றோ சொல்வதில்லை. அதனால்தான் மக்கள்தொகை அறிஞர்கள் நினைவை நம்பாமல், ஆய்வு நடக்கிற நாளில் மூன்று மாதக் குழந்தையின் அம்மாக்களில் எத்தனை பேருக்கு இன்னும் வரவில்லை, நாலு மாதக் குழந்தையின் அம்மாக்களில் எத்தனை பேருக்கு என்று அடுக்கிப் பார்த்து இடைநிலையையும் சராசரியையும் கணக்கிடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. ஒரு பெண்ணின் ஞாபகத்தைச் சிரமப்படுத்தாமல் இன்று என்ன நிலை என்று மட்டும் கேட்கிற முறை இது.

இப்படிக் கிடைக்கிற எண்ணை வைத்து ஒரு சமுதாயம் முழுவதற்கும் தாய்ப்பாலின் விளைவைக் கணக்கிடலாம். 1978-இல் மக்கள்தொகை அறிஞர் ஜான் பொங்கார்ட்ஸ் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் கருத்தரிக்க முடியாத மாதங்களின் சராசரியோடு 18.5-ஐக் கூட்டுங்கள். 20-ஐ அதனால் வகுங்கள். தாய்ப்பாலே கொடுக்காத இடத்தில் அந்தச் சராசரி ஒன்றரை மாதம், விடை சரியாக 1. சராசரி பத்து மாதம் என்றால் விடை 0.7. அதாவது வேறு எதுவும் மாறாமல், தாய்ப்பால் மட்டுமே பிறப்புகளை 30 சதவீதம் குறைத்திருக்கிறது. பஞ்சாபில் லூதியானா பக்கம் 1950-களில் நடந்த கன்னா ஆய்வில் இதன் சோகமான மறுபக்கமும் பதிவானது. பிறந்த குழந்தை இறந்துபோனால் தாய்க்கு மாதவிலக்கு சீக்கிரமே திரும்பியது, அடுத்த கர்ப்பமும் சீக்கிரம் வந்தது. கருத்தடை என்ற பேச்சே வீட்டில் இல்லாத காலத்தில், மடியில் இருந்த குழந்தைதான் அடுத்ததைத் தள்ளி நிறுத்தியது.

சூத்திரம் சமுதாயத்துக்குச் சரி. ஒரு பெண்ணுக்கு அதனால் ஒன்றும் தெரியாது. இடைநிலை எட்டு மாதம் என்றால் பாதிப் பேருக்கு அதற்கு முன்னாலேயே மாதவிலக்கு வந்திருக்கும்.

திட்ட அலுவலகங்களின் கணக்கு வேறு மாதிரி. அங்கே பொருளை எண்ணுவார்கள். எத்தனை அட்டை மாத்திரை போனது, எத்தனை ஆணுறை, எத்தனை காப்பர் டி. அதை 'ஒரு தம்பதிக்கு ஒரு வருடப் பாதுகாப்பு' என்ற அலகுக்கு மாற்றுவார்கள். 120 ஆணுறை சேர்ந்தால் ஓர் அலகு, மாத்திரை என்றால் 15 அட்டை. ஒரு காப்பர் டி போட்டால் 4.6 அலகு. லாம் பயன்படுத்துகிற பெண்கள் நாலு பேர் சேர்ந்தால்தான் ஓர் அலகு. ஸ்டோர் ரூமில் இருப்பு எடுக்க முடியாத முறை, அலகிலும் கால்வாசி. இலக்கு துரத்துகிற எந்த அலுவலகம் இதற்கு நேரம் ஒதுக்கும்? நவீன முறைகளின் பட்டியலிலிருந்தே இதை எடுத்துவிடலாம் என்ற வாதமும் வந்தது. ஒரு பொருளோ மருத்துவச் செயல்முறையோ இருந்தால்தான் நவீனம் என்று 2015-இல் ஹுபாக்கர், ட்ரஸ்ஸல் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். வரையறையாகப் பார்த்தால் தெளிவுதான். ஆனால் சோதனைக்கு உட்பட்டு, முழுமையான நிபந்தனைகளோடு நிற்கிற ஒரு முறையை, கடையில் விற்காது என்பதற்காகக் கீழே இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லாம் பயன்படுத்துகிறவர்களின் சதவீதம் அறிக்கைகளில் எப்போதும் சின்னதாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பெண்கள் இருக்கிற ஊரில் வருடத்துக்கு 60 குழந்தைகள் பிறக்கின்றன என்று வையுங்கள். எந்த ஒரு நாளிலும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருக்கிற அம்மாக்கள் சுமார் 30 பேர்தான். அத்தனை பேரும் இந்த முறையைத் துல்லியமாகக் கடைப்பிடித்தாலும் ஆயிரத்துக்கு முப்பது, வெறும் மூன்று சதவீதம். அந்த முப்பது பேரை மட்டும் வைத்துப் பார்த்தாலோ நூறு சதவீதம். எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே முறை ஒன்றுமில்லாததாகவும் தெரியும், எல்லாமாகவும் தெரியும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் அம்மாக்களை வைத்துத்தான் இதைக் கணக்கிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இது ஏன் முக்கியம் என்றால், நம் குடும்பக் கட்டுப்பாடு கிட்டத்தட்ட முழுக்க ஒரே முறையில் நிற்கிறது. ஐந்தாம் சுற்று அறிக்கையில், திருமணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிறந்ததும் 'கு.க. பண்ணியாச்சு', முடிந்தது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருக்கிற காலத்தை எது தாங்குகிறது? தாய் வீட்டில் இருக்கிற மூன்று மாதம் அல்லது ஐந்து மாதம், கணவரின் வெளியூர் வேலை, தாய்ப்பால். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இடைவெளிக்கான முறைகளைப் பற்றிப் பேசுவதில் பயன் குறைவு. அதோடு, அதே அறிக்கைப்படி இங்கே 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அந்த வலியில், மயக்கத்தில், முதல் நாள் பால் பவுடர் நுழைந்துவிடுகிற வீடுகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே நிபந்தனை ஆட்டம் காண்கிறது.

என்னைக் கேட்டால் கேள்வித்தாளில் மூன்று மாற்றம் செய்வேன். லாம் என்று சொன்னவரிடம் மூன்று நிபந்தனைகளையும் அங்கேயே சரிபார்ப்பது ஒன்று. ஒன்றும் சொல்லாதவரிடம், குழந்தை ஆறு மாதத்துக்குட்பட்டது என்றால், அதே மூன்றையும் கேட்டுத் தனியாகக் கணக்கிடுவது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: "இந்தப் பாதுகாப்பு எப்போது முடியும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? அது முடிந்தபோது வேறு முறைக்கு மாறினீர்களா? எத்தனை நாளில்?" இந்த முறையின் வெற்றி அது முடிகிற இடத்தில்தான் இருக்கிறது. ஆறு மாதம் நன்றாகக் காப்பாற்றிவிட்டு ஏழாவது மாதம் கைவிட்டால், அது அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தது? பால் சுரப்பைக் கெடுக்காத மாற்று முறைகள் அரசு மருத்துவமனையிலேயே இருக்கின்றன. காப்பர் டி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது, லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது.

அதைக் கேட்கவும் சொல்லவும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். குழந்தைக்கு ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதத்தில் ஊசி. அடுத்தது ஒன்பதாம் மாதம். கிராம சுகாதார செவிலியரை அம்மா நேரில் பார்ப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். ஆறாம் மாதம், பாதுகாப்பு முடிகிற சமயம், அட்டவணையில் வெற்றிடம். ஆனால் அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கத் தொடங்குவது ஆறு மாதம் முடிந்ததும்தான். முதல் பாக்கெட்டை வாங்க அம்மாவோ பாட்டியோ வருகிறார்கள், பதிவேட்டில் தேதியோடு கையெழுத்தும் போடுகிறார்கள். அந்தப் பக்கத்திலேயே இரண்டு கட்டம் கூடுதலாகப் போடலாம்: மாதவிலக்கு திரும்பியதா, இப்போது என்ன முறை. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிற பெயர்களை மட்டும் வாரம் ஒருமுறை செவிலியருக்கு அனுப்பினால் போதும்.